அழிந்த படங்கள் திரும்பி வருமா?



குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தியது, பொங்கலன்று பாட்டி மடியில் உட்கார்ந்தது எல்லாம் முன்பு ஆல்பத்தில் இருந்தன. இன்று விரல் நகம் அளவுள்ள மெமரி கார்டில் இருக்கின்றன. கை தவறிப் பட்டால் ஒரே நொடியில் காணோம்!

எங்கள் கலசப்பாக்கத்தில் பட்டு நெசவு செய்யும் வீட்டு மருமகள் ஒருத்தி போன மாதம் கண் கலங்க வந்தாள். "அக்கா, பையன் கேமராவை நோண்டி எல்லாப் படத்தையும் அழிச்சுட்டான். தவறிப்போன மாமியாரோட படம் அதுலதான் இருக்கு" என்றாள்.

"அதுக்கப்புறம் ஏதாவது படம் எடுத்தியா?"

"இல்லக்கா."

"அப்போ பாதிக் கவலை விட்டுச்சு!" என்றேன்.

காரணம் இதுதான். கல்யாண மண்டபத்தில் அறைப் பட்டியலில் ஒருவர் பெயரை அடித்துவிட்டாலும், ஆள் அறைக்குள்தான் இருப்பார். புது விருந்தாளி வந்து அந்த அறையைப் பிடித்தால்தான் அவர் வெளியேற வேண்டும். மெமரி கார்டும் அப்படித்தான். அழிக்கும்போது பட்டியலில் பெயர்தான் போகிறது. புதுப் படம் வந்து அந்த இடத்தில் உட்காரும் வரை பழைய படம் அங்கேயே இருக்கும்.

ஆகவே, செய்ய வேண்டியவை:

1. உடனே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். புதிதாக ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். பெரிய கார்டின் ஓரத்தில் 'லாக்' பொத்தான் இருந்தால் தள்ளி வையுங்கள்.

2. கம்ப்யூட்டரில் போட்டதும் 'ஃபார்மட் செய்யலாமா?' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். பழைய பெயர்கள் பெரும்பாலும் போய், எண்கள்தான் வரும். பொறுமையாகத் தேடுங்கள்.

4. படம் செல்போனுக்குள்ளேயே இருந்ததா? அங்கே இந்த வித்தை அநேகமாகப் பலிக்காது. முதலில் குப்பைக்கூடையைப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் காப்பு எடுத்த படங்கள் 60 நாள் அங்கே இருக்கும். ஐபோனில் 30 நாள். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அவர்களிடமும் கேளுங்கள்.

5. கடையில் கொடுத்து மீட்பதானால், வீட்டில் ஒருவர் கூடவே உட்கார்ந்திருங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அல்லவா?

அந்த மருமகளின் கார்டை என் தங்கை மகன் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தான். பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன. மாமியார் ராட்டையில் தார் சுற்றும் படமும் வந்தது. அதைப் பார்த்து அவள் விட்ட பெருமூச்சு இருக்கிறதே!

இதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. நாம் அழித்ததை நாம் மீட்க முடியும் என்றால், அன்னியரும் மீட்கலாம். பழைய கார்டையும் பென் டிரைவையும் 'அழிச்சாச்சே' என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வேண்டாதவற்றை வெட்டிப் போடுவதே நல்லது.

படங்களை எப்போதும் இரண்டு இடங்களில் வையுங்கள். மாதம் ஒருநாள், அமாவாசையோ சம்பள நாளோ, குறித்துக்கொண்டு நகல் எடுங்கள். வருஷத்துக்குப் பத்துப் படமாவது காகிதத்தில் அச்சடித்து ஆல்பத்தில் ஒட்டுங்கள். அதை எந்தப் பொத்தானாலும் அழிக்க முடியாது!