தலையைத் தூக்காதே என்கிறவர்களுக்கு

வெள்ளாங்குளத்தில் கோல்ஃப் திடல் கிடையாது. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகிற ஏ32 வீதியில் இலுப்பைக்கடவையைத் தாண்டி வந்தால் வயலும் பனையும், மேற்கே போனால் கடலும்தான். போன ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் நாலு மட்டையும் ஒரு பை பந்தும் கொண்டுவந்துவிட்டார். காய்ந்து கிடந்த வயலில் பின்னேரம் பின்னேரமாக ஊர்ப் பொடியள் கூடி அடித்துப் பார்த்தார்கள். மச்சான் சொல்லிக்கொடுத்த பாடம் நாலே நாலு: பலமாக அடி, தலையைத் தூக்காதே, இடக்கையை மடக்காதே, பந்தைக் கீழிருந்து தூக்கு.

இவை அவருடைய சொந்தச் சரக்கல்ல. இந்த ஆட்டம் படிக்கப் போகிற எவர் காதிலும் முதலில் விழுகிறவை இவைதான். கொழும்பு கோல்ஃப் கழகம் தொடங்கியது 1879இல், நுவரெலியாக் கழகம் 1889இல். அந்த வயதுக்குரிய மரியாதையை இந்தப் பாடங்களுக்கும் எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு நாலிலும் உடன்பாடில்லை. ஒன்றில் பாதி உண்மை உண்டு, அதையும் மறைக்கமாட்டேன்.

முதலில் பலம். தேர்ந்த ஆட்டக்காரரின் மட்டைத் தலை பந்தை அடையும்போது மணிக்கு 180 கிலோமீற்றர் அளவில் வருகிறது. அந்தத் தலையின் எடை சுமார் 200 கிராம். பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது அரை மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியை இரண்டாயிரமாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. பந்தில் பட்ட செய்தி கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருமுன்பே பந்து கிளம்பிவிட்டது. ஆகவே ‘படும்போது பலத்தைக் கொடு’ என்பதற்குப் பொருளே இல்லை. மட்டைத் தலை எந்த வேகத்தோடு, எந்தப் பக்கம் பார்த்தபடி வந்து சேர்ந்தது என்பது மட்டுமே கணக்கு.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? பிரித்தானியாவில் கொக்ரனும் ஸ்ரொப்ஸும் தங்கள் ஆய்வுகளைத் திரட்டி 1968இல் வெளியிட்ட நூல், கோல்ஃப் வீச்சை இரண்டு கோல்களின் ஆட்டமாகக் காட்டியது. தோளிலிருந்து கைவரை ஒரு கோல், மட்டை இன்னொன்று, நடுவில் மணிக்கட்டு ஒரு பிணைச்சல். மேலே எடுக்கும்போது அந்தப் பிணைச்சல் மடங்குகிறது. இறங்கும்போது முதலில் இடுப்பும் பிறகு தோளும் கையும் திரும்ப, மட்டை மடங்கியபடியே பின்னால் இழுபட்டு வருகிறது. பிறகு தானாகவே வெளியே வீசப்படுகிறது. அந்தக் கணத்தில் கையின் வேகம் குறைகிறது, அது இழந்ததை மட்டைத் தலை வாங்கிக்கொள்கிறது. வயலில் குருவி விரட்டக் கவண் சுழற்றியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவணில் கல்லை யாரும் தள்ளுவதில்லை.

பலசாலி செய்வது என்ன? இறக்கத்தின் தொடக்கத்திலேயே கையால் மட்டையை முன்னே தள்ளுகிறார். பிணைச்சல் நேரத்துக்கு முன்பே விரிந்து, வேகம் பந்துக்குப் பின்னாலேயே செலவாகிவிடுகிறது. இறக்கம் முழுவதும் கால் வினாடிதான், அதில் தவறினால் திருத்த நேரமில்லை. எங்கள் வயலில் கண்ணால் கண்டது இது: கரைவலை இழுக்கிற தோள்கள் காற்றைத்தான் அடித்தன. அறுபது தாண்டிய ஒருவர், விறகு கொத்தியே காலம் கழித்தவர், மூன்றாவது அடியிலேயே பந்தை வரம்புக்கு அப்பால் போட்டார். கோடாலி கடைசியில்தான் விரிய வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும்.

பலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வினாடிக்கு 50 மீற்றர் வேகத்தில் 1.2 மீற்றர் ஆரத்தில் 200 கிராம் சுழன்றால் அது வெளிப்பக்கமாக இழுப்பது ஏறத்தாழ 420 நியூற்றன், 42 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பது போல. இந்த இழுப்பைத் தாங்கக் காலும் இடுப்பும் நிலத்தில் ஊன்றி நிற்க வேண்டும். பலத்தின் வேலை அது, அடிப்பதல்ல. 1991இல் அமெரிக்காவின் மாஸ்ரர்ஸ் பட்டத்தை வென்ற இயன் வூஸ்னத்தின் உயரம் 5 அடி 4½ அங்குலம். தூரம் அடிப்பதற்குப் பேர்போனவர்.

இனித் தலை. பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. வட்டம் ஒழுங்காக இருக்க வேண்டுமானால் அதன் மையம் அலையக்கூடாது. அந்த மையமோ கண்ணில் இல்லை, இரண்டு தோளுக்கும் நடுவே கழுத்தடியில் இருக்கிறது. அது மேலே எழும்பினால் வட்டத்தின் அடிப்புள்ளியும் எழும்பி, மட்டை பந்தின் உச்சந்தலையைத் தட்டும். உடனே ‘தலையைத் தூக்கினாய்’ என்று தீர்ப்பு வந்துவிடும். தூக்கியது உடம்பு, பழி தலைக்கு. சுவீடனின் அனிகா சொரன்ஸ்ராம் பந்தில் மட்டை படுமுன்பே முகத்தை இலக்குப் பக்கம் திருப்பிவிடுவார். அப்படியே ஆடி அமெரிக்கப் பெண்கள் சுற்றில் 72 பட்டங்கள் எடுத்தார். 2001இல் பிரித்தானியத் திறந்த போட்டியை வென்ற டேவிட் டுவாலுக்கும் அதே வழக்கம். பந்து போன பிறகும் தலையை மண்ணில் நட்டு வைத்திருப்பவருக்குத் தோள் திரும்ப வழியில்லை. முதுகு நோவு மட்டும் மிஞ்சும்.

இடக்கை மடங்கக்கூடாது என்பதற்கு மறுப்பாக ஒரு மனிதரே போதும். கல்வின் பீற் சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து இட முழங்கையை உடைத்துக்கொண்டவர். அந்தக் கையை அவரால் நீட்டவே முடியாது. இருபது வயது கடந்துதான் மட்டையைத் தொட்டார். அமெரிக்கச் சுற்றில் முதல் அடியை நேராகப் போடுவதில் 1981 முதல் 1990 வரை ஒவ்வொரு ஆண்டும் அவரே முதலிடம், பட்டங்கள் பன்னிரண்டு. ஆரம் மாறாமல் இருந்தால் சரி, அது நீட்டிய கையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. விறைத்த கை மணிக்கட்டையும் விறைக்க வைக்கும், அங்கே பிணைச்சல் செத்துவிடும்.

பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற ஆசைதான் எங்கள் வயலைக் கொத்திப் போட்டது. தூக்குகிற வேலையைச் செய்வது மட்டையின் சாய்வு. ஏழாம் இலக்க இரும்பு மட்டையின் முகம் 34 பாகை அளவில் சாய்ந்திருக்கிறது. தேர்ந்தவர்கள் அதை நாலு பாகை அளவுக்குக் கீழ்நோக்கி இறக்குகிறார்கள். வட்டத்தின் அடிப்புள்ளி பந்துக்குச் சில அங்குலம் முன்னால் விழுகிறது. முதலில் பந்து, பிறகுதான் மண். பந்து நிமிடத்துக்கு ஏழாயிரம் தரம் பின்னோக்கிச் சுழன்றபடி கிளம்ப, அந்தச் சுழற்சியைப் பிடித்துக் காற்று அதை மேலே தாங்குகிறது. எடின்பரோப் பேராசிரியர் ரெய்ற் இதை 1890களிலேயே எழுதிவிட்டார். கீழிருந்து கோர முயன்றால் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடும், மண்தான் பறக்கும். குற்றியின் மேல் வைத்து அடிக்கிற டிரைவர் மட்டை மட்டும் விலக்கு. அங்கே மட்டை வட்டத்தின் அடியைக் கடந்து ஏறுகையில் பந்தைச் சந்திப்பது நல்லது.

மச்சானின் பட்டியலில் இல்லாத, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அவர் சொன்ன இன்னொன்றையும் விடமாட்டேன். பந்து வலப்பக்கம் வளைந்தால் “இன்னும் இடப்பக்கம் வீசு” என்பார். வீசினால் இன்னும் வளையும். கோல்ஃப் வட்டம் கோடாலி போல நிமிர்ந்ததுமல்ல, அரிவாள் போலக் கிடந்ததுமல்ல, இரண்டுக்கும் நடுவே சாய்ந்தது. பந்திலிருந்து தோள்வரை சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னார் கோல்ஃப் ஆட்டக்காரர் பென் ஹோகன், 1957இல். சாய்ந்த வட்டத்தில் மட்டை இலக்கை நோக்கிப் போவது ஒரு கணம்தான். பந்து கிளம்புகிற திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தக் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கிற பக்கம். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவு. பாதையை இடப்பக்கம் இழுத்தால் வித்தியாசம் கூடும், வளைவும் கூடும். பழைய பயிற்சி நூல்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிவைத்தன. ராடர் கருவி வந்து பந்தையும் மட்டையையும் ஒன்றாக அளந்த பிறகுதான் பலர் திருத்திக்கொண்டார்கள். மச்சான் இன்னும் திருத்தவில்லை. நான் சொன்னபோது, “உனக்கென்ன தெரியும், நீ காசு கட்டிப் படிச்சனியே?” என்றார்.

நான் கட்டவில்லை, உண்மைதான். கட்டிப் படிக்கிற நிலையில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைக்குப் பழக்குகிறவர் ‘தலையைத் தூக்காதே’ என்றால், ‘எதுவரைக்கும், ஏன்?’ என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்.