யாருக்காக அழுவது?

இலக்கியம் படித்தால் இதயம் பண்படும் என்கின்றனர். பண்படட்டும், வேண்டாமென்பார் இல்லை. ஆனால், எந்த இலக்கியம்? யாருடைய இதயம்? பண்பட்ட பிறகு அந்த இதயம் யாருக்காக உருகும், யாரைக் கண்டால் கல்லாகும்? இந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும், ஏட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்விடுகின்றனர் பழைமையின் காவலர்!

ஆரணியாற்றங்கரையில் ஓர் ஆரணி உண்டு. பட்டுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியன்று. இது திருவள்ளூர் மாவட்டத்துப் பேரூராட்சி. மேற்கே, வேப்பஞ்சேலை கட்டி வலம்வரும் கூட்டம் ஆடி மாதத்தில் அலைமோதும் பெரியபாளையம். கிழக்கே புதுவாயல், அதற்கப்பால் பொன்னேரி. வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள். ஆரணியில் பேருந்தேறிப் பொன்னேரி அரசுக் கலைக் கல்லூரிக்குச் செல்லும் தமிழ் மாணவனின் பையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதில் ‘பாத்திரப் படைப்பு’ என்றொரு தலைப்பு. இராமன் என்றால் ஒழுக்கம். சீதை என்றால் கற்பு. பரதன் என்றால் தியாகம். இராவணன் என்றால் காமம். கண்ணகி என்றால் பத்தினி. ஆளுக்கொரு சொல், சொல்லுக்கு இத்தனை மதிப்பெண்!

இதற்குப் பெயர் இலக்கியக் கல்வியாம். கிடங்குக் கணக்கு என்போம் நாம். மனிதன் ஒரே சொல்லில் அடங்கிவிடுவானா? பெற்ற பிள்ளையிடம் பரிவும் வேலைக்காரனிடம் கொடுமையும் ஒரே நெஞ்சில் குடியிருப்பதை அன்றாடம் காண்கிறோமே! ஒட்டிய சீட்டைப் படிக்கக் கற்றவன் உள்ளே இருக்கும் மனிதனைப் படிக்க மறக்கிறான். ஏட்டில் மறந்தவன் வீதியிலும் மறக்கிறான். அதனால்தான் இதைச் சிறிய செய்தியென்று நாம் ஒதுக்குவதற்கில்லை.

மனித உணர்ச்சியைப் பற்றி எண்ணிப்பார்க்கத் தமிழன் எந்நாட்டிலிருந்தும் பாடம் இரவல் வாங்க வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் இருக்கிறது. சிரிப்பு முதலாக மகிழ்ச்சி ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்பதையும் வகுத்துக் காட்டுகிறார் ஆசிரியர். அழுகைக்கு அவர் காட்டும் காரணங்கள் யாவை? பிறரால் இழிவுபடுதல், உரியதை இழத்தல், இருந்த நிலையினின்று தாழ்தல், வறுமையில் வாடுதல். சினத்துக்குக் காட்டுவன யாவை? உடலுறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அடித்து அலைக்கழித்தல், கொலை செய்தல்.

கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே! தலையெழுத்து என்றொரு காரணம் அங்கே இல்லை. முற்பிறப்பு இல்லை. சனியின் பார்வை இல்லை. அழுகின்றவனைக் கண்டால், இவனை இழிவு செய்தவன் யார், இவன் இழந்தது எது என்று கேட்க வைக்கிறது அந்த இயல். அச்சத்துக்குச் சொன்ன நான்கனுள் அணங்கும் ஒன்றுதான். அந்தக் காலம் அத்தகையது. ஆனால், அதே வரிசையில் விலங்கோடும் கள்வரோடும் தலைவனாகிய வேந்தனையும் சேர்த்து நிறுத்தினாரே, அந்தத் துணிவை வகுப்பறையில் எவரும் உரக்கச் சொல்லக் கேட்டதில்லை!

இந்த அளவுகோலோடு சிலப்பதிகாரத்துக்குச் செல்வோம். கண்ணகியின் கணவன் கொலையுண்டான். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை, பொற்கொல்லன் சொன்னான், வேந்தன் ஆணையிட்டான், வாள் வீழ்ந்தது. சினம் பிறக்க இதைவிட வேறென்ன வேண்டும்? தனியொரு பெண், அயலூரில், அரசவையில் நின்று வழக்குரைக்கிறாள். தமிழிலக்கியத்தில் அதற்கு ஈடான காட்சி அரிது. குற்றமுணர்ந்த பாண்டியன் உயிர்விடுகிறான் என்று எழுதிய இளங்கோவின் நெஞ்சுரத்தை நாம் குறைத்து மதிப்பவரல்லர். ஆனால், அடுத்து என்ன நடக்கிறது? கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வருகிறது. முற்பிறப்புக் கணக்கை விரிக்கிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்துக்கும் கபிலபுரத்துக்கும் பகையாம். சிங்கபுரத்தில் அணிகலன் விற்கவந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன் பரதனாம். அந்தப் பரதனே இந்தக் கோவலனாம். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே இன்று பலித்ததாம்!

முடிந்தது வழக்கு! குற்றவாளி யார்? கொல்லப்பட்டவனே! ஆய்ந்து பாராமல் கொல்லச் சொன்னவன் ஊழின் கருவி, பொற்கொல்லனும் கருவி, தப்பு எல்லாம் பிணமாகக் கிடப்பவன் மேல். மதுரையை எரித்த சினத்தின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியாயிற்று. தேர்வுக்குக் கேட்கப்படுவது எது? ஊழின் வலிமையை விளக்குக. கண்ணகியின் கற்பை விளக்குக. அவள் கேட்ட நீதியை விளக்குக என்று கேட்போர் எத்தனை பேர்? 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்டதே சிலை, கையில் சிலம்போடு சினந்து நிற்கிறாள். அந்தச் சிலைக்கு மாலையிட்டுவிட்டுக் கற்பைப் பற்றி ஒரு மணி நேரம் பொழிந்தோர் நம் மேடைகளிலும் உண்டு. ஆணின் நாவுக்குக் கற்பு இனிக்கிறது. பெண்ணின் சினம் கசக்கிறது போலும்!

கண்ணகிக்காவது பேச இடம் கிடைத்தது. கோட்புலியாரின் குழந்தைக்கு?

பெரியபுராணம் பேசும் அறுபத்துமூவருள் ஒருவர் கோட்புலி நாயனார். சோழனின் படைத்தலைவர். தம் வருவாயில் நெல் வாங்கிச் சிவன் கோயில் அமுதுக்கென்று சேர்த்து வைத்தார். போருக்குப் புறப்படுகையில், இந்நெல்லைத் தொடக்கூடாதென்று சுற்றத்தாரிடம் ஆணையிட்டுச் சென்றார். அவர் போன பின் பஞ்சம் வந்தது. பசி பொறுக்காத சுற்றத்தார் அந்த நெல்லை எடுத்து உண்டனர். பின்னர்த் திருப்பித் தந்துவிடலாம் என்று எண்ணினர். திரும்பிவந்த நாயனார் அனைவரையும் வீட்டுக்கு அழைத்து, வாயிலை அடைத்து, தந்தை, தாய், உடன்பிறந்தார், மனைவியர் என ஒருவர் மிச்சமின்றி வெட்டினார். ஒரு பச்சிளங்குழந்தை எஞ்சிற்று. இது அந்த நெல்லை உண்ணவில்லையே, குடிக்கு ஒரு பிள்ளையாயிற்றே என்று காவலன் இறைஞ்சினான். நெல்லை உண்டவளின் பாலை உண்டதே என்றார் நாயனார். குழந்தையை மேலே எறிந்து வாளால் இருதுண்டாக்கினார். உடனே சிவபெருமான் தோன்றி அவரைத் தம்முடன் அழைத்துக்கொண்டார்!

பக்தர்களின் கண்ணில் இங்கே நீர் வருகிறது. யாருக்காக? குழந்தைக்காகவா? அன்று, நாயனாரின் அன்பை எண்ணி! இதுதான் நாம் சுட்டிக்காட்ட விரும்புவது. சேக்கிழார் உணர்ச்சியற்றவரல்லர், உணர்ச்சியின் வாய்க்காலைத் திருப்பிவிட வல்லவர். பஞ்சத்தில் பசித்தவன் குற்றவாளியாகிறான். நெற்குதிரின் மேல் பற்று வைத்தவன் அடியாராகிறான். காவலன் ஒருவனுக்குத்தான் அந்தக் கதையில் மனிதநெஞ்சு இருக்கிறது. 

அறிஞர் அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’ இந்த இடத்தில்தான் கை வைத்தது. இரக்கமற்றவன் என்று கம்பர் இராவணன்மேல் சுமத்திய குற்றம் அந்நாடகத்தில் மறுவிசாரணைக்கு வருகிறது. இரக்கமற்று நடந்தும் போற்றப்படுவோர் பட்டியலை இராவணன் விரிக்கிறான். கட்டைவிரலைக் காணிக்கை கேட்ட துரோணர், தாயை வெட்டிய பரசுராமர், இதோ நாம் கண்ட கோட்புலியார். இரக்கமின்மை குற்றமானால் இவர்களுக்கு என்ன தண்டனை? நீதிதேவன் மயங்காமல் என்ன செய்வான்!

இலக்கியத்தை இலக்கியமாகப் பார், நயத்தைச் சுவை, நஞ்சைத் தேடாதே என்பது மறுதரப்பு. எளிய தரப்பன்று அது. 1943-இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் மாணவர் திரண்டிருக்க, கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் குறித்து அண்ணாவோடு வாதிட்டவர் சொல்லின் செல்வர் இரா. பி. சேதுப்பிள்ளை, அடுத்துச் சேலத்தில் வாதிட்டவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். இருவரும் தமிழுக்கு உழைத்த பெரும்புலவர்கள். ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் அச்சான அந்தச் சொற்போரை இன்றைய மாணவன் படித்தால், எதிர்ப்பக்கத்தை ஏசாமல் எதிர்ப்பது எப்படி என்பதையும் சேர்த்துக் கற்கலாம். நயம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. நயம் இருப்பதால்தான் அஞ்சுகிறோம்! சுவையற்ற உணவில் நஞ்சிருந்தால் எவனும் உண்ணமாட்டான்.

இன்னொன்றும் சொல்வோம், சிலருக்கு வியப்பாக இருக்கும். அதே கம்பர் கும்பகருணனைப் படைத்த இடத்தில் நம் நெஞ்சும் கனக்கிறது. அண்ணன் செய்தது தவறென்று அறிந்தவன், இடித்துரைத்தவன், உண்ட சோற்றை எண்ணிச் சாகப் போகிறான். ஒற்றைச் சொல் சீட்டு அவன்மேல் ஒட்டாது. பக்தன் எழுத உட்கார்ந்தான், புலவன் எழுந்து எழுதிவிட்டான்! அத்தகைய இடங்களை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பாத்திரங்களை ஆராய்வது பகுத்தறிவாளரின் வெட்டிப்பொழுது என்போருக்கு ஒரு வரலாறு. தந்தை பெரியார் ‘இராமாயணப் பாத்திரங்கள்’ எழுதினார். காவியத்து மாந்தரைக் கடவுளாக்காமல், அவரவர் செய்கையை வைத்து அளந்த நூல். அதன் ஆங்கில வடிவத்தின் வழியே இந்தியில் ‘சச்சி ராமாயண்’ எனக் கொணர்ந்தார் லலாய் சிங் யாதவ். உத்தரப் பிரதேச அரசு 1969-இல் அதைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றது. அரசு உச்சநீதிமன்றம் ஏறிற்று. 1976-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பில் அங்கும் தோற்றது. பறிமுதலுக்கு அடிப்படை என்னவென்று ஆணையில் எடுத்துரைக்கவில்லை என்பதே ஓட்டை. இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வந்தது, 1948-இல் தடை, 1971-இல்தான் விலங்கு அறுந்தது. ஒரு பாத்திரத்தின்மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்தால் அரசாங்கங்களே பதறுகின்றன என்றால், அந்தச் சீட்டு தாங்கிநிற்கும் பாரம் எவ்வளவு என்று பாருங்கள்!

இனி ஏட்டிலிருந்து வீதிக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் கொத்தடிமைகளாய்க் கிடந்து மீட்கப்பட்ட செய்தி ஒருமுறையல்ல, பலமுறை வந்துவிட்டது. இருளர் குடும்பங்கள் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் அகப்பட்ட செய்தியும் அவ்வாறே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பிறந்தது 1976-இல்! முன்பணம் என்ற பெயரில் ஒரு தொகை. அது தீரும்வரை கணவனும் மனைவியும் மண் பிசைய வேண்டும், பிள்ளை காய்ந்த கல்லைப் புரட்ட வேண்டும். அரிசி ஆலையில் உழைத்தவன் அரிசிக்கு ஏங்குவது கோட்புலியார் காலத்துக் கதையா, நம் காலத்துக் கதையா? கும்மிடிப்பூண்டியிலேயே, ஈழத்திலிருந்து உயிர்தப்பி வந்த நம் உடன்பிறப்புகளின் முகாம் இருக்கிறது. இருந்த நிலையினின்று தாழ்தல் என்று தொல்காப்பியர் குறித்தாரே, அதற்கு உரை வேண்டுவோர் உரைநூலைப் புரட்ட வேண்டா. அந்த முகாமுக்கு ஒரு மாலை போய்வரலாம்.

ஆனால், இலக்கியம் பயின்ற நம் இளைஞனின் கைப்பேசியில் என்ன ஓடுகிறது? சிப்காட்டில் இரும்பு உருக்க வந்தவனைப் பற்றிய கேலிப்படம். ‘வடக்கன்’! பீகாரும் ஒடிசாவும் அசாமும் அந்த ஒரே சொல்லில் அடக்கம். இந்தி ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு. இந்தி பேசும் ஏழையை எள்ளுவது வேறு. முன்னது மானம், பின்னது, இராவணன்மேல் கம்பர் ஒட்டிய அதே சீட்டு! எள்ளலைச் சிரிப்பின் காரணங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார் என்பது உண்மையே. அழுகையின் காரணங்களுள் இழிவையும் வைத்தார் என்பதை எள்ளுவோர் மறந்தனர். ஒரே செயல்தான், செய்பவனுக்கு நகை, படுபவனுக்கு அழுகை. மலேயாத் தோட்டத்திலும் இலங்கைத் தேயிலைமலையிலும் தமிழன் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டான் என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

பிரெஞ்சு நாட்டில் எமிலி ஜோலா 1885-இல் ‘ஜெர்மினல்’ என்னும் நாவலை வெளியிட்டார். அரசரில்லை, தெய்வமில்லை, நிலக்கரி வெட்டுவோர், அவர்தம் பசி, அவர்தம் வேலைநிறுத்தம். 1902-இல் ஜோலாவின் சவ ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர் ‘ஜெர்மினல், ஜெர்மினல்’ என்று முழங்கிக்கொண்டே நடந்தனர். கும்மிடிப்பூண்டி உருக்காலை வாயிலைப் பற்றி, புதுவாயல் சாலையோரத்துச் சூளையைப் பற்றி, அப்படியொரு நாவலைத் தமிழில் எழுத வேண்டியவன் இப்போது பொன்னேரிப் பேருந்தில் உட்கார்ந்து, பரதன் என்றால் தியாகம் என்று உருப்போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆரணித் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். கிழமைக்கு ஒரு மாலை பத்துப் பேர் கூடுங்கள். தலைவர், வரவேற்புரை, பொன்னாடை எதுவும் வேண்டா. ஒரு கதையை எடுத்து, இதில் அழுபவர் யார், அழவைத்தவர் யார், நம்மை யாருக்காக அழச் சொல்கிறார் ஆசிரியர் என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். பக்தரும் வரட்டும், வாதாடட்டும். சூளையில் வேலை செய்பவர் எவரேனும் வருவாரானால் அவர் முதலில் பேசட்டும். தொடக்க நாளுக்குக் கோட்புலியாரை வைத்துக்கொள்ளலாம். நீண்ட கதையன்று, பெரியபுராணம் எந்த ஊர் நூலகத்திலும் கிடைக்கும்.