ஃபேனை அடக்க ஒரு டெண்டர் விதி

புனேயில், ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவன வளாகத்தில் 'பரம் பிரம்மா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. குழாயில் ஓடும் திரவம் புராசஸர்களின் தலைமேலேயே போய்ச் சூட்டை வாங்கிக்கொள்ளும். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அதே லினக்ஸைப் புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் வீட்டுக் கணினியில் ஏற்றுகிறவருக்கோ, ஏப்ரல் வெயிலில் கூச்சல் போடும் ஒரு ஃபேனை அடக்குவது பெரும்பாடு.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வந்ததும் தேடுவது, கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தையும் ஃபேனையும் ஆளும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளை. அது லினக்ஸில் இல்லை. விண்டோஸிலும் ஒரு கட்டத்தில் அதன் நிலை அப்படியொன்றும் உறுதியாக இருக்கவில்லை: போர்ச் சூழலில் தனக்குப் பணம் வருவது நின்றுவிட்டது, திட்டம் ஏறக்குறைய முடிந்த கதைதான் என்று அதை எழுதிவந்த ரஷ்யர் அலெக்ஸி நிகோலாய்ச்சுக் 2023 ஜனவரியில் சொன்னார்.

மாற்றுக்குப் பஞ்சமில்லை. ஃபேனுக்குக் 'கூலர்கன்ட்ரோல்', கிராஃபிக்ஸ் கார்டுக்கு 'லாக்ட்'. ஏஎம்டி கார்டுகளுக்காகத் தொடங்கிய லாக்ட் இப்போது என்விடியாவையும் கவனிக்கிறது. ஆஃப்டர்பர்னரில் இழுத்து வளைக்கும் வோல்டேஜ் கோடு மட்டும் என்விடியாவுக்கு லினக்ஸில் கிடையாது. கிளாக் வேகத்துக்கு உச்சவரம்பு வைத்து, ஆஃப்செட்டைக் கொஞ்சம் ஏற்றி, கிட்டத்தட்ட அதே பலனைப் பெறலாம். மே மாத வெயிலில், வேகத்தை வரம்புக்கு மேல் ஏற்றும் ஓவர்கிளாக் வீண் வேலை. கார்டின் மின்வரம்பைக் கொஞ்சம் இறக்கினால் சூடும் குறையும், சத்தமும் குறையும்; விளையாட்டின் வேகத்தில் பெரும்பாலும் பெரிய இழப்பு தெரியாது.

உண்மையான முடிச்சு மதர்போர்டில் இருக்கிறது. ஃபேன் வேகத்தை ஆள்வது நுவோடான், ஐடிஇ போன்ற நிறுவனங்களின் சிறு சிப்கள். போர்டு தயாரிப்பாளர்கள் விண்டோஸுக்கு மென்பொருள் கொடுத்துவிட்டு, அந்தச் சிப்பை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்ற விவரத்தைப் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. தன்னார்வலர்கள் தடவித் தடவித்தான் டிரைவர் எழுதுகிறார்கள். கிகாபைட் போர்டுகள் பலவற்றுக்கு கெர்னலோடு வரும் ஐடிஇ டிரைவர் போதாமல், வேறொன்றைத் தேடித் தொகுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. தடவுவதில் ஆபத்தும் உண்டு. ஒரு காலத்தில், வெப்ப உணரிகளைப் படிக்கும் 'எல்எம்-சென்சார்ஸ்' என்ற லினக்ஸ் மென்பொருள் உணரிச் சிப்பைத் தேடப்போய், சில ஐபிஎம் திங்க்பேட்களின் நினைவகச் சிப்பையே கெடுத்தது. ஆகவே எந்த மென்பொருளுக்கும் முன்னால் பயாஸுக்குள் போய் அங்கேயே ஃபேன் வேகத்தை அமைத்துவிடுவது நல்லது. பலருக்கு அதுவே போதும்.

ஆனால் தகவலை மறைப்பவர்களை ஏன் விட்டுவைக்க வேண்டும்? தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் வந்தது. லட்சக்கணக்கில் வாங்குகிற கை அது. வெப்ப உணரி, ஃபேன் இரண்டுக்கும் லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருந்தாக வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால், தனி ஆளின் புகாருக்கு அசையாத நிறுவனங்கள் அசையும். அந்த வரியைத் தொழில்நுட்பப் பிழையில்லாமல் எழுதித்தர புனேயிலேயே தலைமையகம் வைத்திருக்கும் சி-டாக்குக்குத் தகுதி இருக்கிறது.