கோடைக்கானல் ரஸ்தாவும் மின்சார வண்டிகளும்

கோடைக்கானலுக்கு ஏறும் மோட்டார் வண்டிகளுக்கு உச்சவரம்பு விதித்துச் சென்னை ஹைக்கோர்ட்டார் 2025 மார்ச் மாதத்தில் பிறப்பித்த உத்தரவை நேயர்கள் அறிவார்கள். ஏப்ரல் முதல் ஜூன் முடிய, வார நாட்களில் தினமொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள். அதற்கு மேல் மலை ஏறலாகாது என்பது அவ்வுத்தரவு. முந்திய ஆண்டு மே மாதத்தில் ஏற்பட்ட இ-பாஸ் முறையை ஒட்டியே இந்தக் கணக்கு வகுக்கப்பட்டது. நீலகிரிக்கும் இதே போன்ற வரம்பு விதிக்கப்பட்டு, அங்கு வியாபாரிகள் கடையடைப்பு நடத்தித் தங்கள் ஆட்சேபணையைத் தெரிவித்தார்கள். இவ்வளவு விஷயங்களும் அப்போதே பலமாக விவாதிக்கப்பட்டன. ஆனால் அந்த உத்தரவில் இருந்த ஒரு சிறு வாசகத்தை யாரும் அதிகமாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அனுமதி வழங்குகையில் மின்சார வண்டிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதே அது. நாம் இன்று எழுத எடுத்துக்கொண்டது அந்த வாசகத்தைப் பற்றித்தான்.

மலைப் பிரயாணத்தின் பாரத்தை யார் சுமப்பது என்ற கேள்வி கோடைக்கானலுக்குப் புதிதன்று. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் அங்கு வீடு கட்டிக் குடியேறிய காலந்தொட்டு, பெரியகுளத்துக்கு அருகேயுள்ள கிருஷ்ணநாயக்கன் தோப்பிலிருந்து வெள்ளகவி, செண்பகனூர் மார்க்கமாகத் துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் அமர்த்தித் தூக்கிச் சென்றவர்கள் நம் ஏழைக் கூலியாட்களே. 1875-ல் ரயில் வந்து கோடை ரோடு என்று ஒரு ஸ்டேஷனும் ஏற்பட்டது. ஆனால் அதற்கு மேலும் ஐம்பது மைல் பாக்கியிருந்தது. வத்தலக்குண்டு வழியாக ரஸ்தா போட்டு முடித்து மோட்டார் ஏறத் தொடங்கிய பிறகே மனிதன் தோளுக்கு விடுதலை கிடைத்தது. தோளிலிருந்து இறங்கிய பாரம் எங்கே போயிற்று? அந்நிய நாட்டு எண்ணெய்க்கிணறுகளின் மீது போயிற்று. அந்த எண்ணெய்க்கு நாம் கொடுக்கும் கிரயம் நம் குடியானவன் தலைமீது வந்து இறங்கியது.

இது மிகைப்படுத்திய பேச்சன்று. பாரத நாடு உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். அண்மை ஆண்டுகளில் இதற்கென ஆண்டுதோறும் 10,000 கோடி டாலருக்குக் குறையாமல் தேசத்தின் செல்வம் வெளியேறுகிறது. நம் காவிரிப் படுகையில் நரிமணம் முதலிய இடங்களில் கிடைப்பது சொற்பம். அதை நம்பி ஒரு ஜில்லாவின் வண்டிகளைக்கூட ஓட்டுவது சிரமம். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோதும், 2022-ல் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோதும், எங்கோ வெடித்த பீரங்கியின் அதிர்ச்சி நம் ஊர்ச் சந்தையில் காய்கறி விலையில் தெரிந்தது. பூம்பாறைப் பூண்டும் மன்னவனூர் உருளைக்கிழங்கும் டீசல் லாரியில்தானே சமவெளிக்கு இறங்குகின்றன?

ஆகையால், பெட்ரோலை விட்டு மின்சாரத்துக்கு மாறுவது தேசத்துக்கு நன்மை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சமவெளியைக் காட்டிலும் மலைக்கே இம்மாறுதல் பொருத்தமானது என்பது எம் துணிபு. பலரும் இதற்கு நேர்மாறாக எண்ணுகிறார்கள். 'மின்சார வண்டி மேடு ஏறுமா? பாதி வழியில் பாட்டரி தீர்ந்தால் பண்ணைக்காட்டில் உட்கார்ந்துகொள்வதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்றரை டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டிய சக்தி ஏழு யூனிட்டுக்குச் சற்று அதிகம். ரஸ்தாவில் உருளுவதற்கும் மோட்டாரில் வீணாவதற்கும் ஆகும் செலவைச் சேர்த்தாலும், இன்று விற்கும் சாதாரண மின்சாரக் காரின் பாட்டரியில் பாதியளவே தீரும். பண்ணைக்காட்டில் உட்கார வேண்டிய அவசியமில்லை.

அதைவிட முக்கியமானது இறக்கம். பெட்ரோல் வண்டி மலை ஏறுகையில் எரித்த எண்ணெயில் ஒரு சொட்டும் இறங்குகையில் திரும்பி வராது. ஏற்றத்தில் சம்பாதித்த சக்தி முழுவதும் பிரேக்குக் கட்டைகளில் சூடாகித் தொலைகிறது. காட்ரோட்டுக்கு இறங்கி வரும் பஸ்களின் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வீசுவதை அந்த வழியில் போனவர்கள் எல்லாரும் அறிவார்கள். மின்சார வண்டியிலோ, இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைத் தடுக்கிறது. மூன்று யூனிட் அளவேனும் பாட்டரிக்குத் திரும்பக்கூடும். இது புதிய வித்தை என்று யாரும் எண்ண வேண்டாம். பழனியில் 2004 முதல் ஓடும் ரோப் காரைப் பாருங்கள். இறங்கும் பெட்டியின் பாரமே ஏறும் பெட்டியைத் தூக்கத் துணை செய்கிறது. அதற்கு முன்பே, 1966 முதல், வின்ச் என்னும் இழுவை ரயிலில் லட்சக்கணக்கான பக்தர்கள் மின்சாரத்தால் மலை ஏறி வருகிறார்கள். இடும்பன் காவடியின் தத்துவமும் இரு பக்கத்துப் பாரத்தைச் சமனாக்குவதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதிகாரிகள் கவனிக்கத் தவறினால் காரியம் கெடும். பாட்டரி முழுதும் நிரம்பிய நிலையில் மலையிலிருந்து புறப்பட்டால், இறக்கத்தில் விளையும் மின்சாரத்தை ஏற்க அதில் இடமிராது. மோட்டாரின் தடையும் குறைந்து, பாரம் மறுபடி பிரேக்கின் தலையிலேயே விழும். எனவே சார்ஜ் செய்யும் நிலையங்களைக் கோடைக்கானல் ஏரியைச் சுற்றி வரிசையாக வைத்துப் படம் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனமாகாது. அவை பெரும்பாலும் அடிவாரத்தில், வத்தலக்குண்டிலும் பழனியிலும், இருக்க வேண்டும். மலைமேல் அவசரத்துக்குச் சில போதும். காடுகளினூடே மின்கம்பி இழுத்து மலைக்குக் கொண்டுசெல்லும் சக்தியை மேலும் மேலும் பெருக்குவதும் எளிதன்று. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது மரங்கள் சாய்ந்து மலையில் விளக்கெரியாமற்போன இரவுகளை அங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இனி, ஆட்சேபணைகளில் வலுவானதை எடுத்துக்கொள்வோம். 'மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நிலக்கரியிலிருந்துதானே? கோடைக்கானலின் புகையை எண்ணூருக்கு அனுப்புவதா உங்கள் சீர்திருத்தம்?' என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. நம் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியைச் சார்ந்திருக்கிறது. ஒரிஸ்ஸாவின் தால்சேரில் வெட்டிய கரி கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து எரிகிறது. அதன் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்து மீனவரின் வலையில் படிகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக 2023-ல் விளைந்த பயிரின் மீதே இயந்திரத்தை ஓட்டிய காட்சியையும் நாடு பார்த்தது. மலைக்குச் சுகவாசத்துக்குப் போகிறவர் மூச்சுவிடுவதற்காக எண்ணூர்க் குழந்தை இருமுவது தர்மமாகாது.

ஆனால் பதில் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பழனி மலையின் வடபுறத்தில் உடுமலைப்பேட்டையைச் சுற்றிலும், தென்புறத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016-ல் ஏற்பட்டது. இவற்றின் குறை, நாம் கேட்கும் நேரத்தில் கிடைக்காமை. சூரியன் நடுப்பகலில் வாரி வழங்குகிறான். நாமோ மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றுகிறோம். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இந்தச் சிக்கலைத் தீர்த்துக் காட்டுகிறது. மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே இறக்கி 400 மெகாவாட் வரை உற்பத்தி செய்கிறார்கள். மோட்டார் வண்டியின் பாட்டரியும் சிறிய காடம்பாறைதான். பகல் 10 மணி முதல் 3 மணி வரை வத்தலக்குண்டில் நிற்கும் பஸ் சூரியமின்சாரத்தை ஏற்றிக்கொண்டால், எண்ணூரின் கரியைத் தொட வேண்டியதில்லை. இரவில் ஓட்டல் வாசலில் கார்களைச் சொருகிவைத்தால் கரிதான் எரியும். சூரியன் உள்ள நேரத்தில் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2023-ல் விதி செய்திருக்கிறது. அதைச் சார்ஜ் நிலையங்களில் கண்ணுக்குத் தெரியும்படி அமுல் செய்ய வேண்டும். 1899-லிருந்து வானாராய்ச்சி நிலையம் வைத்து நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனைத் தினந்தோறும் படம் பிடித்துவரும் ஊருக்கு, அந்தச் சூரியனைக் கொண்டு ஒரு பஸ் ஓட்டத் தெரியவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

எண்ணெய்க்கு அடிமைப்பட்டது போதாதென்று பாட்டரிக்கும் அடிமைப்படப் போகிறோமா என்ற கவலை எமக்கு உண்டு. லித்தியம் பாட்டரிகளில் பெரும்பகுதி சீனத்தில் செய்யப்படுகிறது. 2025 ஏப்ரலில் அந்நாடு அபூர்வ உலோகங்களையும் அவற்றாலான காந்தங்களையும் அனுப்புவதற்குக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் நாட்டு மின்சார வண்டித் தொழிற்சாலைகள் திகைத்து நின்றன. ஓசூரிலும் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் ஸ்கூட்டர்களை லட்சக்கணக்கில் பூட்டுகிறோம் என்று மார்தட்டினால் போதாது. கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சியில் மத்திய சர்க்காரின் நிறுவனம் அள்ளும் கடல்மணலில் அந்த அபூர்வ உலோகங்கள் இருக்கின்றன. மணலைப் பிரிப்பது வரை வந்துவிட்ட நாம், காந்தம் செய்வது வரை ஏன் போகவில்லை? கடலோர ஜனங்களின் அச்சத்தை மதித்து, அவர்கள் சம்மதத்துடனேயே அத்தொழில் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். 1906-ல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி நிறுவியபோது, பிறர் கப்பலில் வாடகைக்கு ஓடும் வியாபாரத்தோடு அவர் திருப்தியடையவில்லை.

பழைய பாட்டரிகள் எங்கே போகும் என்ற கேள்வியைக் கோடைக்கானல்வாசிகள் கேட்காமல் விடமாட்டார்கள். கேட்கும் உரிமையும் அவர்களுக்கு அதிகம். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அங்கு நிறுவிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் தோய்ந்த கண்ணாடிச் சில்லுகள், 2001-ல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் குவிந்து கிடந்தன. தொழிற்சாலை மூடப்பட்டது, தொழிலாளர் நஷ்டஈட்டுக்காகப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள், பாம்பார் சோலையின் மண்ணைப் பற்றிய தகராறு அதற்குப் பிறகும் நீடித்தது. பாட்டரிகளை உற்பத்தியாளரே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. விதி டில்லியில் இருக்கிறது. பழைய சாமான் கிடங்கு மூஞ்சிக்கல்லில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை யார் கடப்பார் என்பதை இப்போதே நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது முன்னுரிமை விஷயத்துக்கு வருவோம். மின்சாரக் காருக்கு முதலில் அனுமதி என்றால், யார் முதலில் மலை ஏறுவார்? புதிய கார் வாங்கத் திராணியுள்ள பட்டணத்துக் கனவான் ஏறுவார். கடன்பட்டு ஒரு பழைய டீசல் வண்டியை வாங்கி, சவாரிகளை ஏற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றும் வத்தலக்குண்டு டிரைவர் அடிவாரத்தில் வரிசையில் நிற்பார். 4,000 என்பது ஓர் அளவு. அதில் ஒருவருக்குக் கொடுத்தது மற்றொருவரிடமிருந்து எடுத்ததே. மேலும், புகைவிடாத கார் ரஸ்தாவில் அடைக்கும் இடம் புகைவிடும் கார் அடைக்கும் இடத்துக்குக் குறைவானதன்று. வெள்ளி நீர்வீழ்ச்சிக்கருகே மணிக்கணக்கில் நிற்கும் வரிசை, அத்தனையும் மின்சார வண்டிகளானாலும் வரிசைதான். நாற்பது பேர் ஏறும் பஸ் பத்துக் கார்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிடும். சர்க்கார் பஸ்ஸுக்கோ கோர்ட்டாரின் கணக்கும் இல்லை. சென்னையில் 2025 ஜூன் மாதத்தில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்களை ஓட்டத் தொடங்கிய சர்க்காருக்கு, மலைக்கு முப்பது நாற்பது சிறு பஸ்களைக் கொடுப்பது ஆகாத காரியமன்று.

ஆகவே நாம் கோருவது இதுதான். அடுத்த சித்திரைக்குள் வத்தலக்குண்டிலும் பழனியிலும் கார்கள் நிற்க இடமும், பஸ்களுக்குச் சூரியமின்சாரம் ஏற்றும் நிலையமும் அமைக்கப்பட வேண்டும். அங்கிருந்து கால்மணிக்கொரு மின்சார பஸ் மலை ஏற வேண்டும். கட்டணம் ஏழையும் கொடுக்கக் கூடியதாயிருக்க வேண்டும். அந்த பஸ்களை ஓட்டும் வேலையில் உள்ளூர் வாடகைக் கார் டிரைவர்களுக்கே முதலிடம் தர வேண்டும். சொந்த வண்டியை மாற்ற விரும்புவோருக்குக் கூட்டுறவு பாங்குகள் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். அதுவரை மின்சாரத்துக்கான முன்னுரிமையை வாடகை வண்டிகளோடும் பஸ்களோடும் நிறுத்திக்கொள்ளும்படி, சர்க்கார் ஹைக்கோர்ட்டாரிடம் மனுச் செய்யட்டும். திண்டுக்கல் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாயினும், அந்த மனு எந்தத் தேதியில் தாக்கலாகும் என்று சபையில் கேட்டுப் பதிலைப் பதிவு செய்ய வேண்டும்.