200 கிலோமீட்டர் என்பது சுத்தப் பொய்

"பக்கத்துலதானே இருக்கே, நினைச்சா ஓடி வந்துடலாமே!"

சொந்தக்காரர்கள் சொல்லும் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வீடு மதுரை. வங்கி உத்தியோகம் திருவனந்தபுரத்தில்.

போன வாரம் கல்லூரித் தோழன் போன் பண்ணினான். "நெட்ல போட்டுப் பார்த்தேன்டா. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல 200 கி.மீ.தான். முக்கால் மணி நேரம். நேர் ஃப்ளைட் கேட்டு மனு போடறோம், நீயும் கையெழுத்துப் போடு." முடியாது என்றேன். கோபித்துக்கொண்டான். காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

200 கி.மீ. கணக்கு தப்பில்லை. மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் மலையைத் தாண்டி, தென்காசி, சிவகாசி பக்கமாக நேரே மதுரைக்குப் போய்விடும். அது காக்காய்க்குச் சரி. நம்ம ரயில் நாகர்கோவில், திருநெல்வேலி என்று மலையைச் சுற்றி 300 கி.மீ. ஓடுகிறது. ஆறு மணி நேரமாவது ஆகும். சென்னை வழியாகப் பறந்தால் அங்கே போக 600 கி.மீ.க்கு மேல், திரும்பி மதுரைக்கு வர 400க்கு மேல். 200 கி.மீ. போக 1,000 கி.மீ. பறப்பது என்ன கணக்கு சார்?

சரி, நேர் விமானமே விட்டார்கள் என்று வையுங்கள். நான் பி.காம். வரவை மட்டும் காட்டிச் செலவை மறைத்தால் ஆடிட்டர் விடுவாரா? வீட்டிலிருந்து ஏர்போர்ட் 45 நிமிடம். இரண்டு மணி நேரம் முன்னால் போய் உட்காரணும். ஏடிஆர் விமானம் ஏறி இறங்க 50 நிமிடம். பெட்டிக்கு அரை மணி. ஊருக்குள் போக இன்னொரு 45. கூட்டினால் 4 மணி 50 நிமிடம்! மிச்சம் ஒரு மணி நேரம். அதற்கு நாலு டிக்கெட் எடுக்கிற குடும்பம் எத்தனை?

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2019-ல் ஒரு மத்தியானம், "அப்பாவுக்கு முடியலை, கிளம்பி வா" என்று அம்மா போன். அவசரத்தில் நானும் கம்ப்யூட்டர் திரையை நம்பிச் சென்னை வழியாக டிக்கெட் போட்டேன். இணைப்பு விமானம் தாமதம். நடுராத்திரி தாண்டித்தான் வீட்டு வாசலை மிதித்தேன். அப்பா பத்து மணிக்கே போய்விட்டார். ஒரு மணிக்குத் தம்பானூரில் பஸ் ஏறியிருந்தால் எட்டரைக்குள் அவர் பக்கத்தில் இருந்திருப்பேன்.

இங்கிருந்து துபாய் நாலு மணி நேரம். மதுரை ஆறு மணி நேரம். அப்போ எது பக்கத்து ஊர்?

விமானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்கிறதுதான் கேட்கிறோம், எல்லாருக்கும் உதவுகிறதைக் கேட்போம் என்கிறேன். மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டை ரயில்பாதை 2024-ல் முடிந்தது. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில்தான் நிலம் எடுப்பது, அது இது என்று வருஷக்கணக்காக இழுத்தார்கள். அந்தப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. ஆறு மணி நேரம் ஐந்தாகட்டும். அன்ரிசர்வ்டில் நிற்கிற கட்டிடத் தொழிலாளிக்கும் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும்.

அந்த மனுவை எழுதிக் கொண்டு வாடா நண்பா. முதல் கையெழுத்து என்னுடையது.