வண்ணக் கண்ணாடிக்கு ஒரு பதிவேடு

கல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட்டையொட்டிய பாலிகஞ்ச் வீதிகளில், சிவப்புச் சிமெண்டுத் தரையும் மாடிப்படிக்கு மேல் அரைவட்டமாகப் பதித்த வர்ணக் கண்ணாடியும் கொண்ட பழைய இல்லங்கள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழும்பி வருகின்றன. இவ்வில்லங்களைக் காக்க வேண்டுமென்று நாவலாசிரியர் அமித் சௌத்ரி 2015இல் ஓர் இயக்கத்தையே ஆரம்பித்தார். ஆயினும் இடிப்பு நிற்கவில்லை.

இடிப்பவர்கள் தேக்குக் கதவையும் இரும்புக் கிராதியையும் விலைபேசி எடுத்துக்கொள்கிறார்கள். பட்டி வைத்துப் பதித்த கண்ணாடியையோ, பொறுமையாகச் சுரண்டினால் முழுதாகவே கழன்றுவரும் என்றிருந்தும், சட்டத்தைக் கழற்ற இடைஞ்சலென்று சுத்தியலால் தட்டிவிடுகிறார்கள். நீலமும் மஞ்சளும் செங்கல் தூளோடு லாரியில் ஏறிவிடுகின்றன.

இடம்பெயர்ந்த கண்ணாடி இந்நகரத்துக்குப் புதிதன்று. வின்ட்சர் தேவாலயத்துக்கென்று பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த சிலுவைக் காட்சி, கல்கத்தாவின் செயின்ட் பால்ஸ் கதீட்ரலுக்குத் தானமாக வந்து அதன் கீழைச் சாளரத்தை அலங்கரித்தது. 1864ஆம் ஆண்டுப் புயல் அதைக் கொண்டுபோயிற்று. அந்தமானில் 1872இல் கொலையுண்ட மேயோ பிரபுவின் ஞாபகார்த்தமாக பர்ன்-ஜோன்ஸ் 1880இல் வடிவமைத்த மேலைச் சாளரமோ, கோபுரத்தைச் சாய்த்த பூகம்பங்களையும் கடந்து இன்றும் ஒளிர்கிறது. இயற்கையின் சீற்றத்தை நாம் யாரிடம் முறையிடுவது? சுத்தியலுக்கு அனுமதி கொடுத்தவரிடம் முறையிடலாம்.

லண்டனில் கண்ணாடிக் கலைஞர் சங்கத்தின் களஞ்சியம், மூடப்பட்ட தேவாலயங்களின் சாளரங்களைப் பேணி, வேண்டும் வேறிடங்களுக்கு வழங்குகிறது. நம் காரைக்குடியிலும் செட்டிநாட்டு மாளிகைப் பொருள்கள் பழம்பொருள் கடைகளில் பிழைத்திருக்கின்றன. ஆனால் எந்த ஊர், எந்த வீடு, யார் கட்டியது என்ற விவரம் விற்பனையோடு மறைந்துவிடுகிறது. பொருள் தப்பியும் சரித்திரம் தப்பாத இந்நிலைதான் என்னை மிகவும் வருத்துகிறது.

கண்ணாடியைக் காப்பது இடிப்பவருக்கு மனச்சாந்தி அளிக்கும் உபாயமாகிவிடும் என்போரின் ஆட்சேபம் நியாயமானதே. வீட்டைக் காப்பதே முதற் கடமை. ஆனால் அனுமதி கிடைத்துவிட்ட வீட்டுக்கு, கல்கத்தா மாநகராட்சி, ஒவ்வொரு கண்ணாடியின் புகைப்படம், அளவு, அது இருந்த இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றிய பின்னரே சுத்தியலை அனுமதிக்க வேண்டும். கழற்றியவற்றை அப்பகுதிப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் முதலில் அளிக்க வேண்டும். இச்செலவைக் கட்டடம் கட்டுபவரே ஏற்கட்டும்.