யாரிடமிருந்து சுதந்திரம்?

"நிபுணர்கள் விவகாரத்தில் கதை எழுதுகிறவன் மூக்கை நுழைக்கக் கூடாது" என்று என் நண்பர் ஒருவர் சொல்லுகிறார். கல்லூரியில் ரசாயனம் போதிக்கிறவர், யோக்கியர். "சுற்றுச்சூழலால் ஜனங்களின் உடம்புக்கு என்ன கெடுதல் வருகிறது என்று பார்க்க சர்க்கார் ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. அந்த நிலையத்துக்கு மேலே, அதில் சம்பளம் வாங்காத சுதந்திரமான நிபுணர்கள் ஆலோசகர்களாக உட்கார்ந்து மேற்பார்வை செய்கிறார்கள். இதற்கு மேல் என்ன உத்தரவாதம் ஐயா வேண்டும் உமக்கு?" என்று கேட்கிறார். கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்டாமல் கேட்கிற பண்பும் அவருக்கு உண்டு.

இருந்தாலும் எனக்கு உத்தரவாதம் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

'சுதந்திரமான நிபுணர்' என்ற சொற்றொடரைக் கேட்டவுடனே நமக்கு ஒரு நிம்மதி பிறந்துவிடுகிறது. கம்பெனியின் காசு வாங்காதவர், மந்திரிக்குப் பயப்படாதவர், ஆகவே உண்மையைச் சொல்லுவார் என்று நாமே மீதியை நிரப்பிக்கொள்கிறோம். ஆனால் அந்த நிபுணரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? அவர் யாருடைய ஆராய்ச்சியைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுமோ, அதே ஸ்தாபனம்! ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் கொடுப்பது அது. கூட்டத்தின் குறிப்பை எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதும் அது. இத்தனைக்கும் நடுவே அவர் யாரிடமிருந்து சுதந்திரமாக இருக்கிறார்? கடைசியில் பார்த்தால், எந்த ஜனங்களின் ரத்தத்தைச் சோதிக்கிறார்களோ அந்த ஜனங்களிடமிருந்துதான் பரிபூரண சுதந்திரம்! அவர்களுக்கு மட்டும் அவர் ஒரு வார்த்தை பதில் சொல்ல வேண்டியதில்லை.

நான் கற்பனையில் பேசவில்லை. போபாலைப் பாருங்கள்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டது எல்லோருக்கும் தெரியும். தப்பிப் பிழைத்தவர்களின் உடம்பு பின்னர் என்ன ஆயிற்று என்பது அவ்வளவாகத் தெரியாது. தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உடனடியாக ஆராய்ச்சியைத் தொடங்கியது, 1994-ல் நிறுத்திக்கொண்டது. 1985 முதல் 1994 வரை வீடு வீடாகப் போய்ச் சேகரித்த விவரங்களின் அறிக்கை அச்சாகி வெளிவந்த வருஷம் எது தெரியுமா? 2004! சம்பவம் நடந்து இருபது வருஷம். முதல் வருஷம் பெயர் கொடுத்துவிட்டு இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்த ரிப்போர்ட்டைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்? இருந்தவர்களிலும் எத்தனை பேருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்திருக்கும்?

பிறகு 2010-ல், தேசிய சுற்றுச்சூழல் ஆரோக்கிய ஆராய்ச்சி நிலையம் என்று ஒரு ஸ்தாபனத்தை அதே கவுன்சில் போபாலிலே ஏற்படுத்தியது. நல்ல காரியம். அதற்கு விஞ்ஞான ஆலோசனைக் குழுவும் உண்டு. வெளி நிபுணர்கள் அதிலே இருக்கிறார்கள். என் நண்பர் சொல்லும் லட்சணங்கள் எல்லாம் பொருந்திய அமைப்பு.

அந்த நிலையம் 2016, 2017-ஆம் வருஷங்களில் ஓர் ஆராய்ச்சி செய்தது. விஷ வாயுவைச் சுவாசித்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் 1,048. சுவாசிக்காத தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் 1,247. முதல் வகையில் நூற்றுக்கு 9 குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறந்திருந்தன; இரண்டாவது வகையில் நூற்றுக்கு 1.3. இந்தக் கணக்கு ஆலோசகர்கள் முன்னால் போயிற்று. கணக்கு எடுத்த முறையில் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. நிபுணர் குழு ஒன்று பரிசீலித்து, ஆராய்ச்சியில் அடிப்படைக் கோளாறு இருப்பதால் இதை வெளியிட வேண்டாம், எந்த இடத்திலும் பகிர்ந்துகொள்ளவும் வேண்டாம் என்று 2018-ல் சிபாரிசு செய்தது. அதோடு சரி. 2019 டிசம்பரில், வாயுவால் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் போராடும் சங்கங்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற தஸ்தாவேஜுகளைப் பத்திரிகைக்காரர்கள் முன் வைத்தன. அப்போதுதான் இப்படி ஓர் ஆராய்ச்சி நடந்ததே ஊருக்குத் தெரிந்தது.

இந்த இடத்திலே நண்பர் என்னை மடக்குகிறார். "கணக்கு தப்பாக இருந்திருந்தால்? தப்பான கணக்கை வெளியிட்டு, பிள்ளை பெறப்போகிற பெண்களைக் கலவரப்படுத்தச் சொல்லுகிறீரா?"

கணக்கு தப்பாகவே இருந்திருக்கலாம். குழந்தையைப் பரிசோதித்தவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு வகைத் தாய்மாரையும் ஒரே தராசில் நிறுக்காமல் விட்டிருக்கலாம். அதையெல்லாம் கண்டுபிடிக்கத்தான் ஆலோசகர்கள். கண்டுபிடித்தது அவர்கள் கெட்டிக்காரத்தனம். அதில் எனக்குச் சண்டையே இல்லை. கோளாறு என்று கண்டதும் என்ன செய்தார்கள் என்பதுதான் சண்டை. "இந்த ஆராய்ச்சி செய்தோம், இந்த எண் வந்தது, இன்ன இன்ன காரணத்தால் நம்ப முடியவில்லை, இன்ன தேதியில் திரும்பச் செய்யப்போகிறோம்" என்று நாலு வரி அச்சிட எத்தனை காகிதம் தேவை? ஜவுளிக் கடைக்காரன் கூட, சாயம் போகிற புடவை என்று தெரிந்தால், வாங்கியவர்களுக்குச் சொல்லி அனுப்புவான். இங்கே இரண்டாயிரத்துச் சொச்சம் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தபால் கார்டு கூடக் கிடையாதா?

கலவரம் வருமாம்! கலவரம் எப்போது வருகிறது? மூடி வைத்ததை யாரோ திறக்கும்போது வருகிறது. 2018-லேயே சொல்லியிருந்தால் அது ஒரு விஞ்ஞானச் செய்தி. 2019-ல் வெளியே இழுக்கப்பட்டபோது அது மறைக்கப்பட்ட உண்மை என்ற பெயர் பெற்றுவிட்டது. அந்த எண் சரியானதாக இல்லாவிட்டாலும் இனி அதை எந்தத் தாயின் மனத்திலிருந்தும் யாராலும் அழிக்க முடியாது. ஆலோசகர்கள் விஞ்ஞானத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு அதன் பேரைத்தான் கெடுத்தார்கள்.

இதே போபாலில் வேறு விதமான நிபுணர்களும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1985-ல் மருத்துவ நிவாரணம் பற்றிப் பார்க்க ஒரு கமிட்டி அமைத்தது. அதிலே அனில் சத்கோபால், சுஜித் தாஸ் என்ற இருவர் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாதவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அல்லது கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் நண்பர்களிடம் புலம்புவார்கள். இவர்கள் இருவரும் 1988-ல் தங்கள் மாற்று அறிக்கையைத் தனியாக எழுதி வைத்தார்கள். அவர்கள் சொன்னது முழுக்க சரியா என்பது வேறு விஷயம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்து மறுக்கலாம் என்று கையெழுத்தோடு வைத்தார்களே, அந்த நாணயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

போபால் எங்கேயோ இருக்கிறது, நாகல் நகரில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நல்ல தண்ணீர் குழாயில் வரும் நாளை விரலில் எண்ணிக்கொண்டிருக்கும் ஊர் திண்டுக்கல். எங்கள் பேச்சிலேயே நல்ல தண்ணீர் வேறு, சப்பைத் தண்ணீர் வேறு. அந்த வித்தியாசத்துக்கு வானம் பொய்த்தது பாதிக் காரணம். மீதியில் ஒரு பங்கு தோல் ஷாப்புகளுக்கு உண்டு. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. போன தண்ணீர் உப்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கிலே தீர்ப்புச் சொன்னபோது திண்டுக்கல்லையும் சேர்த்துத்தான் சொன்னது. எங்கள் மாவட்டத்துத் தோல் ஷாப்புகளுக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம்.

அந்தத் தீர்ப்பில் ஓர் எண் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கத்து 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன என்ற எண். இதை எண்ணியது எந்த ஆராய்ச்சி நிலையம்? எந்த ஆலோசனைக் குழு மேற்பார்வை செய்தது? ஒன்றும் இல்லை! ஒரு சிறு தொண்டு நிறுவனம் கிராமம் கிராமமாகப் போய் எண்ணியது. எண்ணியதை வெளியே சொன்னது. தப்பு என்றால் தோல் ஷாப் முதலாளிகளின் வக்கீல்கள் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். எண் பகிரங்கமாக இருந்ததால் வாதாட முடிந்தது, நீதிபதிகளின் கண்ணிலும் பட்டது. (கதை எழுதுகிறவன் மூக்கை நுழைக்கக் கூடாது என்கிற நண்பருக்கு ஒரு வார்த்தை: இந்த ஊர்த் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையை 'தோல்' என்ற நாவலில் எழுதி 2012-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற டி. செல்வராஜ் ரசாயனப் பேராசிரியர் அல்ல, வக்கீல்.)

இன்னும் கொஞ்சம் மேலே ஏறுங்கள். கோடைக்கானலும் எங்கள் மாவட்டம்தான். அங்கே தெர்மாமீட்டர் செய்த ஹிந்துஸ்தான் லீவர் தொழிற்சாலை பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001-ல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் உடம்பு கெட்டுப்போயிற்று என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் நிபுணர் குழு அமைத்தது. அவர்களுடைய அப்போதைய உபாதைகளைப் பாதரசத்தோடு சம்பந்தப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றது குழு. 2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் தரப்பிலிருந்து வந்த அறிக்கையோ வேறு விதமாகச் சொல்லிற்று. 2016-ல் கம்பெனி 591 பழைய தொழிலாளர்களோடு சமரசம் செய்துகொண்டது.

ஆதாரம் இல்லை என்பதற்கும் பாதிப்பு இல்லை என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாதரசம் சில மாதங்களில் வெகுவாகக் குறைந்துவிடும். ஆலை மூடி ஆறு வருஷம் கழித்து அங்கே தேடினால் என்ன கிடைக்கும்? நெருப்பணைந்த அடுப்பைத் தொட்டுப் பார்த்து, இங்கே சமையலே நடக்கவில்லை என்று சொல்லலாமா? நிபுணர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதை முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கோடைக்கானல் தொழிலாளிக்கும் தெரிந்திருக்கும்.

நண்பர் அடுத்தபடியாக அமெரிக்காவைக் காட்டுகிறார். சரி, காட்டட்டும். அங்கே 1972-ல் ஒரு சட்டம் செய்தார்கள். சர்க்காருக்கு ஆலோசனை சொல்லும் குழு எதுவானாலும் கூட்டத் தேதியை முன்கூட்டி அரசாங்க கெஜட்டில் அறிவிக்க வேண்டும். சில விதிவிலக்குகள் போக, கூட்டத்தில் யாரும் வந்து உட்காரலாம். குறிப்புகளை யாரும் கேட்டு வாங்கலாம். சொர்க்கம் வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2017-ல் அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவர், எங்களிடம் ஆராய்ச்சிப் பணம் வாங்குகிற விஞ்ஞானி சுதந்திரமானவர் அல்ல என்று சொல்லிப் பலரை ஆலோசனைக் குழுக்களிலிருந்து விலக்கி வைத்தார். சர்வகலாசாலை விஞ்ஞானிகள் போனார்கள். தொழிற்சாலைகளிடம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தடை இல்லை! 2020-ல் நீதிமன்றத்தில் அந்த உத்தரவு நிற்கவில்லை. 2025 ஜனவரியிலோ அதே நிறுவனத்தின் இரண்டு பெரிய விஞ்ஞானக் குழுக்களின் அங்கத்தினர்களை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'சுதந்திரம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரை வேண்டுமானாலும் உள்ளே கொண்டு வரலாம், யாரை வேண்டுமானாலும் வெளியே தள்ளலாம். ஆனால் கதவு திறந்திருந்ததால், தள்ளுவது ஊருக்குத் தெரிந்தது. வழக்குப் போட முடிந்தது. நம் ஊரில் ஒரு குழு கூடியதே பின்னால் மனுப் போட்டால்தான் தெரிகிறது.

ஆகவே, நிபுணர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று மட்டும் பார்த்து ஏமாற நான் தயாராக இல்லை. அவர் சொன்னது என்ன, ஏன் சொன்னார், கூடவே இருந்தவர்களில் யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் பகிரங்கமாக வேண்டும். குழுவிலே, பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே தேர்ந்து அனுப்பும் ஓரிருவர் உட்கார வேண்டும். "அவர்களுக்கு விஞ்ஞானம் புரியாதே" என்கிறார் நண்பர். புரிய வைப்பதுதானே ஐயா உம்முடைய உத்தியோகம்? பதினேழு வயதுப் பையனுக்கு அணு எடையைப் புரிய வைக்கிறவருக்கு, நாற்பது வருஷம் மூச்சுத் திணறலோடு வாழ்ந்த கிழவிக்கு அவள் நுரையீரலைப் பற்றிச் சொல்ல வார்த்தை கிடைக்காதா?

போபாலில் கார்பைடு ஆலைக்கு எதிரே ஜே.பி. நகர் என்று ஒரு குடியிருப்பு. அந்த 1,048 குழந்தைகளைப் பற்றிய கணக்கில் என்ன கோளாறு என்று 2018-ல் நிபுணர்கள் கண்டார்களோ, அதை எளிய இந்தியில் ஒரு தாளில் அடித்து, கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஜே.பி. நகர்ச் சுவரில் ஒட்டட்டும். பக்கத்திலேயே அடுத்த ஆராய்ச்சி எந்தத் தேதியில் ஆரம்பம் என்றும் போடட்டும். அதன் பிரதி ஒன்றை என் நண்பர் எனக்கு வாங்கிக் கொடுத்தால், தமிழாக்கி இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.